கையால் அச்சிட்ட எட்டாயிரம் பிரதிகள்

ஜெர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் உலகின் மிகப் பெரிய புத்தகச் சந்தை கூடுகிறது. அங்கே வருபவர்களில் பலர் புத்தகம் வாங்க வருபவர்கள் அல்லர். புத்தகத்தின் உரிமையை வாங்கவும் விற்கவும் வருபவர்கள். ஒரு நாட்டுப் பதிப்பாளர் தம் நூலை மற்றொரு நாட்டுப் பதிப்பாளரிடம் காட்டுவார். பிடித்திருந்தால் பேச்சு தொடங்கும். இல்லையென்றால் அடுத்த மேசைக்குப் போக வேண்டியதுதான்.

1990களின் நடுவில் அந்தச் சந்தைக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்மணி சென்றிருந்தார். அவர் பெயர் கீதா வுல்ஃப். அவர் கையில் இருந்தது ஒரு சிங்கத்தின் கதை. கையால் செய்த தாளில், கையால் அச்சிட்டுச் செய்த மாதிரி நூல் அது. கனடா நாட்டுப் பதிப்பகம் ஒன்று அந்த நூலைப் புரட்டிப் பார்த்தது. தாளைத் தடவிப் பார்த்தது. பிறகு, “இதே போல 8000 பிரதிகள் வேண்டும்” என்று கேட்டது.

ஒரு சிறு பதிப்பகத்திற்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இருக்க முடியாது. இதைவிட அச்சமூட்டும் செய்தியும் இருக்க முடியாது. மாதிரி நூல் என்பது ஒன்றிரண்டு பிரதி. அதை எப்படியாவது செய்துவிடலாம். எட்டாயிரம் பிரதிகளை யார் கையால் அச்சிடுவது? எந்த இடத்தில் உலர்த்துவது? அத்தனைக்கும் கைத்தாள் எங்கே கிடைக்கும்? இக்கேள்விகள் எதற்கும் அப்போது விடை இல்லை. ஆயினும் கீதா ஒப்புக்கொண்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

அவர் 1994ஆம் ஆண்டு தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் தாரா புக்ஸ். எழுத்தாளர்களும் வடிவமைப்பாளர்களும் சேர்ந்து நடத்தும் சிறு குழு அது. பெண்ணிய ஆய்வாளரும் வரலாற்று எழுத்தாளருமான வ. கீதாவும் அக்குழுவில் ஒருவர். இந்தியக் குழந்தைகளின் கையில் தரமான படநூல்கள் கிடைக்க வேண்டும் என்பதே தொடக்க கால நோக்கம். அக்காலத்தில் இந்தியக் கடைகளில் கிடைத்த நல்ல படநூல்களுள் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றின் விலை அதிகம். அவற்றில் வரும் மரமும் வீடும் உணவும்கூட வேறு நாட்டவை.

கதைநூல்களோடு தாரா நின்றுவிடவில்லை. ஒருவரின் வாழ்க்கை, ஒரு பயணம், ஒரு மக்களின் நம்பிக்கை, ஒரு பேரிடர் என உண்மையில் நடந்தவற்றையும் படங்களோடு சொல்லும் நூல்களை அது வெளியிடத் தொடங்கியது. இவ்வகை நூல்களைப் புனைவல்லாத படநூல்கள் என்பர். பதிப்புத் தொழிலில் கையைச் சுட்டுக்கொள்ள எளிதான வழிகளில் இதுவும் ஒன்று. ஏன் என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் அறியலாம்.

வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு நூலை ஆப்செட் இயந்திரத்தில் அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓவியருக்குக் கொடுக்கும் தொகை, பதிப்பாசிரியரின் உழைப்பு, பக்க வடிவமைப்பு, அச்சுத் தகடு, இயந்திரத்தைத் தயார்ப்படுத்தும் செலவு ஆகிய அனைத்தும் சேர்ந்து 20,000 ரிங்கிட் ஆகிறது. ஒரு பிரதி அச்சிட்டாலும் ஓராயிரம் அச்சிட்டாலும் இத்தொகை மாறாது. அதன்பின் ஒவ்வொரு பிரதிக்கும் தாள், மை, கட்டமைப்பு ஆகியவற்றுக்கு 6 ரிங்கிட் ஆகிறது. 1000 பிரதிகள் அச்சிட்டால் ஒரு பிரதியின் அடக்க விலை 26 ரிங்கிட். 5000 பிரதிகள் அச்சிட்டால் அதுவே 10 ரிங்கிட்டாகக் குறைந்துவிடும்.

கடையில் அந்நூலின் விலை 30 ரிங்கிட். அதில் ஏறத்தாழப் பாதி, புத்தகக் கடைக்கும் விநியோகிப்பாளருக்கும் போய்விடும். பதிப்பாளருக்கு எஞ்சுவது 15 ரிங்கிட். ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்டவர், அத்தனையையும் விற்றாலும் ஒவ்வொரு பிரதியிலும் 11 ரிங்கிட் இழப்பார். ஐயாயிரம் அச்சிட்டவருக்கு ஒரு பிரதிக்கு 5 ரிங்கிட் இலாபம் கிடைக்கும். ஆனால், ஐயாயிரமும் விற்றால்தான். இரண்டாயிரம் மட்டுமே விற்றால் கைக்கு வருவது 30,000 ரிங்கிட், செலவிட்டதோ 50,000. மீதி 3000 பிரதிகள் கிடங்கில் தூசு படிந்து கிடக்கும். அந்தக் கிடங்கிற்கும் வாடகை உண்டு.

குறைவாக அச்சிட்டால் நட்டம். அதிகமாக அச்சிட்டால் ஆபத்து. படநூல் வெளியிடும் சிறு பதிப்பாளர் ஒவ்வொருவரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்கு ஐரோப்பியப் பதிப்பாளர்கள் முன்னரே ஒரு வழி கண்டிருந்தனர். ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலிருந்து 1938ஆம் ஆண்டு தப்பி வந்து இலண்டனில் குடியேறிய வால்டர் நியூராத், ஏவா என்பவரோடு சேர்ந்து 1949ஆம் ஆண்டு கலைநூல் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் ‘தேம்ஸ் அண்ட் ஹட்சன்’ எனப் பெயரிட்டனர். தேம்ஸ், இலண்டனில் ஓடும் ஆறு. ஹட்சன், நியூயார்க்கில் ஓடும் ஆறு. இங்கிலாந்து வாசகர்களுக்கும் அமெரிக்க வாசகர்களுக்கும் சேர்த்து ஒரே முறையில் அச்சிட்டால் படங்களின் செலவைத் தாங்கலாம் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருந்தது. பின்னர் இம்முறை பல மொழிகளுக்கும் பரவியது. வண்ணப் படங்கள் நான்கு மைகளால் அச்சாகின்றன. எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் இருக்கும். ஆகவே, கறுப்பு மைக்குரிய தகட்டை மட்டும் மாற்றினால் அதே படங்களோடு பிரெஞ்சு நூலும் ஜெர்மன் நூலும் வந்துவிடும். இதனைக் கூட்டுப் பதிப்பு என்பர். பிராங்பர்ட் சந்தையில் பதிப்பாளர்கள் மேசைக்கு மேசை அலைவது பெரும்பாலும் இத்தகைய கூட்டாளிகளைத் தேடித்தான்.

தாராவுக்கும் அப்படித்தான் கனடா நாட்டுக் கூட்டாளி கிடைத்தார். ஆனால், அவர்கள் கேட்டது இயந்திரத்தில் அச்சிட்ட நூலை அன்று. கையால் அச்சிட்ட நூலை.

தமிழ்நாட்டில் திருமண அழைப்பிதழ், கடைகளின் துணிப்பை, சுவரொட்டி ஆகியவற்றை அச்சிட ஸ்கிரீன் பிரிண்டிங் எனப்படும் திரை அச்சு முறை நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகிறது. தெருவுக்கு ஒன்றாக இருக்கும் சிறு அச்சகங்களில் அதைச் செய்வார்கள். அதை யாரும் பெரிய கலையாக எண்ணியதில்லை. இத்தொழிலில் தேர்ந்த ஆறுமுகம் என்பவர் தாராவோடு கைகோத்தார். அவரது மேற்பார்வையில் ஓர் அச்சுப் பட்டறை உருவாயிற்று. அந்தப் பட்டறைதான் எட்டாயிரம் சிங்கங்களையும் அச்சிட்டுக் கப்பலேற்றியது.

திரை அச்சு எப்படி நடைபெறுகிறது? ஒரு சட்டத்தில் மெல்லிய வலைத்துணி இழுத்துக் கட்டப்படும். அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி உலர்த்துவர். படத்தின் வடிவம் பதிந்த படலத்தை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும். படம் மறைத்த இடம் இறுகாது. நீரில் கழுவும்போது இறுகாத பசை கரைந்து, அவ்விடத்தில் வலையின் கண்கள் திறந்துகொள்ளும். பிறகு சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டை பொருத்திய கட்டையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக இழுக்க வேண்டும். திறந்த கண்களின் வழியே மை கீழிறங்கித் தாளில் பதியும்.

ஒரு திரை ஒரு நிறத்தை மட்டுமே அச்சிடும். மூன்று நிறம் வேண்டுமென்றால் மூன்று திரை. மூன்று முறை இழுக்க வேண்டும். முதல் நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது நிறத்தைத் தொட முடியும். இரண்டாவது நிறம் முதல் நிறத்தின் விளிம்போடு சரியாகப் பொருந்த வேண்டும். தாள் மயிரிழை நகர்ந்தாலும் சிங்கத்தின் கண் அதன் காதருகே போய்விடும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிறம் என்று கொண்டால், 8000 பிரதிகளுக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் 24,000 முறை கையால் இழுக்க வேண்டும். நூலில் அப்படி எத்தனை பக்கங்கள்! அச்சிட்ட தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. கம்பித் தட்டுகளில் ஒவ்வொன்றாகப் பரப்பி உலர்த்த வேண்டும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கைத்தாள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மையும் காயத் தாமதமாகும். வேலை செய்பவர் எவ்வளவு விரைந்தாலும் மை தன் விருப்பப்படிதான் காயும்.

அந்தத் தாளும் ஆலையில் செய்த வழுவழுப்பான தாளன்று. துணித் தொழிலில் எஞ்சும் பருத்திக் கழிவை ஊறவைத்துக் கூழாக்கி, சல்லடையில் வார்த்து, அழுத்தி உலர்த்திச் செய்யப்படுவது. அதில் சிறு நார்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு தாள் மற்றொன்றைப் போல் இராது. அச்சான தாள்களை மடித்து, வரிசைப்படுத்தி, ஊசியும் நூலும் கொண்டு கையால் தைத்து அட்டையிடுகின்றனர்.

இவ்வளவு உழைப்பையும் பார்த்தால் கைமுறை அச்சு ஒரு சிறு பதிப்பகத்திற்குக் கட்டுப்படியாகாது என்றே தோன்றும். உண்மையில், முன்பு பார்த்த கணக்கு இங்கே தலைகீழாகிறது. ஆப்செட் இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவதுதான் பெருஞ்செலவு. ஓடத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு பிரதியும் மலிவு. திரை அச்சில் தொடக்கச் செலவு குறைவு; ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். ஐயாயிரம் அச்சிட்டால் மலிவாகும் என்ற ஆசை இங்கே எழாது. ஆகவே, ஆயிரமோ இரண்டாயிரமோ அச்சிட்டு, அவை விற்ற பிறகு மீண்டும் அச்சிடலாம். கிடங்கில் தூசு படிய எதுவும் மிஞ்சாது. ஓவியருக்கும் பதிப்பாசிரியருக்கும் தர வேண்டிய தொகை இம்முறையிலும் குறையாது என்பது உண்மையே. நூலின் விலையும் கூடத்தான் செய்யும். ஆனால், கையில் எடுத்தவுடன் இது வேறு வகை நூல் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுவதால், அவர் அவ்விலையைக் கொடுக்க முன்வருகிறார்.

தாரா வெளியிடும் நூல்கள் அனைத்தும் கையால் செய்யப்படுபவை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானவை ஆப்செட் முறையில் அச்சாகின்றன. ஆயினும் உலகம் அப்பதிப்பகத்தை அறிந்துகொண்டது கைந்நூல்களால்தான்.

பணக்கணக்கு ஒருபுறமிருக்க, புனைவல்லாத படநூல் வெளியிடுபவர் விடை சொல்ல வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. அந்நூலின் ஆசிரியர் யார்?

பஜ்ஜூ ஷியாம் என்பவர் மத்தியப் பிரதேச மாநிலத்தின் பாட்டன்கர் சிற்றூரில் பிறந்தவர். கோண்டு பழங்குடியினரில் பர்தான் பிரிவைச் சேர்ந்தவர். பர்தான்கள் வழிவழியாகப் பாணர்கள். பானா என்னும் நரம்புக் கருவியை இசைத்துத் தம் மக்களின் கதைகளைப் பாடி வந்தவர்கள். வறுமையின் காரணமாகப் பஜ்ஜூ இளம் வயதிலேயே போபால் நகருக்கு வந்தார். இரவுக் காவலாளியாகவும் மின்பணியாளராகவும் வேலை செய்தார். பின்னர், புகழ்பெற்ற ஓவியரான தம் சிற்றப்பா முறையினர் ஜங்கர் சிங் ஷியாமிடம் உதவியாளராகச் சேர்ந்து தூரிகை பிடித்தார்.

2002ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட அவருக்கு அழைப்பு வந்தது. அதுவரை விமானத்தில் ஏறியிராத அவர், இரண்டு மாதங்கள் அந்த நகரில் தங்கினார். திரும்பி வந்து தாம் கண்டவற்றைச் சொன்னபோது, அது ஒரு நூலுக்குரிய செய்தி என்பதைத் தாரா கண்டுகொண்டது. அப்படிப் பிறந்ததுதான் 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘த லண்டன் ஜங்கிள் புக்’.

அந்நூலில் விமானம், சிறகு முளைத்த யானையாக வருகிறது. அவ்வளவு பெரிய உடல் பறப்பது யானை பறப்பதற்கு நிகர் என்று அவருக்குத் தோன்றியது. நிலத்தடி இரயில், மண்ணுக்குள் வாழும் மண்புழு. அவரைத் தவறாமல் வேலைக்கு ஏற்றிச் சென்ற 30ஆம் எண் பேருந்து, நன்றியுள்ள நாய். ‘பிக் பென்’ மணிக்கூண்டோ சேவலோடு ஒன்றாகிவிட்டது; அவருடைய ஊரில் மக்களுக்கு நேரம் சொல்வது சேவல்தானே! மாலை ஆனதும் மதுக்கூடங்களில் கூடிக் கலகலப்பாகும் ஆங்கிலேயர்கள் அவர் கண்ணுக்கு வௌவால்களாகத் தெரிந்தனர். ஐரோப்பியப் பயணிகள் நம் நாடுகளைப் பார்த்து எழுதிய பயண நூல்கள் ஏராளம். பழங்குடி ஓவியர் ஒருவர் ஐரோப்பிய நகரைப் பார்த்து வரைந்த நூல் அரிது.

பஜ்ஜூ தம் அனுபவத்தை வாய்மொழியாகச் சொன்னார்; அதை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கீதா வுல்ஃபும் சிரிஷ் ராவும். வேறு பதிப்பகமாக இருந்தால் எழுதியவரின் பெயர் பெரிதாகவும் வரைந்தவரின் பெயர் உள்ளே எங்கோ சிறிதாகவும் வந்திருக்கலாம். நாட்டுப்புற ஓவியர் என்றாலே பெயரற்ற ‘பழங்குடிக் கலை’ என்று பொதுவாகக் குறிப்பிட்டுவிடும் பழக்கமும் உண்டு. தாராவின் நூலில் முதல் ஆசிரியர் பஜ்ஜூ ஷியாம். கண்டவர் அவர், வரைந்தவரும் அவர். இத்தகைய ஓவியர்களுடன் தாரா ஒப்பந்தம் செய்துகொள்கிறது; விற்பனையிலிருந்து உரிமைத்தொகையும் வழங்குகிறது. ஓவியத்தை ஒரே விலைக்கு வாங்கிவிட்டால் நூல் எத்தனை முறை அச்சானாலும் ஓவியருக்கு அதில் பங்கில்லை. உரிமைத்தொகை என்றால் ஒவ்வொரு பதிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. சிறு பதிப்பகத்திற்கு இது கூடுதல் சுமைதான். அந்தச் சுமையை விலக்கிவிட்டு மிச்சம் பிடிப்பது எளிது. ஆனால், அதன்பின் அந்த ஓவியர் அடுத்த நூலுக்கு மனமுவந்து வருவாரா?

இதே முறையில் உருவான மற்றொரு நூல் ‘ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்’. பீகார் மாநிலத்தின் மதுபனி வட்டாரத்தைச் சேர்ந்த துலாரி தேவியின் வாழ்க்கை அது. மீனவக் குடும்பத்தில் பிறந்த அவர் பள்ளிக்குச் சென்றதில்லை. பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கிப் பிழைத்தார். அவர் வேலை செய்த வீடு ஓர் ஓவியரின் வீடு. அங்கே ஓவியம் தீட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் வரையக் கற்றார். அவர் சொன்ன வாழ்க்கையையும் அவரே தீட்டிய படங்களையும் தாரா நூலாக்கியது. துலாரி தேவிக்கு 2021ஆம் ஆண்டிலும், பஜ்ஜூ ஷியாமுக்கு 2018ஆம் ஆண்டிலும் இந்திய அரசு பத்மஶ்ரீ விருது வழங்கியது.

சில நூல்களுக்கு வடிவமே சவாலாக அமைந்துவிடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலையை மலேசியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பினாங்கு, கெடா கடற்கரைகளிலும் அன்று உயிர்கள் பலியாயின. வங்காளத்தில் பட்டுவா எனப்படும் ஓவியப் பாடகர்கள் இருக்கின்றனர். அவர்கள் நீண்ட தாள்சுருளில் ஒரு நிகழ்வைக் காட்சி காட்சியாக வரைந்து, சுருளை மெல்ல அவிழ்த்துக்கொண்டே அதைப் பாட்டாகப் பாடுவர். அவர்களில் ஜெய்தேவ் சித்ரகாரும் மொய்னா சித்ரகாரும் ஆழிப்பேரலையைச் சுருளாக்கிப் பாடினர். அதை நூலாக்குவது எப்படி? பக்கம் பக்கமாக வெட்டினால் அலை துண்டு துண்டாகிவிடும். ஆகவே, விசிறிபோல் மடிந்து, இழுத்தால் நீண்ட சுருளாக விரியும்படி தாரா அந்த நூலைச் செய்தது. அலை அறுபடாமல் நூலின் மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது.

வழக்கமான நூல்களிலும் வடிவத்தின் கட்டுப்பாடு உண்டு. ஒரு பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். ஆதலால், இயந்திரத்தில் அச்சாகும் படநூல்கள் பெரும்பாலும் 32 அல்லது 48 பக்கங்களில் அமைகின்றன. ஆசிரியருக்கு 33ஆம் பக்கத்தில் சொல்ல வேண்டிய அருமையான செய்தி இருந்தாலும், அதற்காக மற்றொரு பெரிய தாள் வாங்க முடியாது. வேறொன்றை வெட்டித்தான் அதற்கு இடம் தேட வேண்டும். இரு பக்கங்களில் விரியும் ஓவியத்தில் முகமோ கையோ நடுமடிப்பில் விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். சுவரிலும் தனித்தாளிலும் வரைந்து பழகிய ஓவியருக்கு இந்த மடிப்பு புதிது. இவற்றோடு செய்தியின் உண்மையையும் சரிபார்க்க வேண்டும். கதையில் சிங்கம் பேசலாம். உண்மையைச் சொல்லும் நூலில் ஓர் ஆண்டு தவறானால், அச்சான எட்டாயிரம் பிரதிகளிலும் அது தவறாகவே இருக்கும். படம் கண்ணைக் கவரும் நூல்களில் எழுத்தை யாரும் உன்னிப்பாகப் படிப்பதில்லை என்று எண்ணி மெய்ப்புப் பார்ப்பதில் அசட்டையாக இருந்து அவதிப்பட்ட பதிப்பாளர்கள் பலர்.

தாராவின் கைந்நூல்களில் மிகவும் புகழ்பெற்றது 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. பஜ்ஜூ ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்களின் படைப்பு அது. பகலெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் நிழலும் உணவும் தரும் மரங்கள், இரவில்தான் தம் உண்மை உருவைக் காட்டுகின்றன என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. ஒவ்வொரு மரத்துக்கும் அருகில் அம்மரத்தைப் பற்றி அம்மக்கள் வழங்கி வரும் செய்தி சில வரிகளில் இருக்கிறது. இரவைக் காட்ட வேண்டும் என்பதால் தாளே கறுப்பு. வெள்ளைத் தாளில் கறுப்பு மையைப் பூசி அச்சிட்டதன்று. கறுப்பாகவே செய்த கைத்தாள். அதன்மேல் வெளிர் நிற மைகள் திரைவழியே படிந்து, மரங்கள் இருளிலிருந்து எழுவதுபோல் தோன்றுகின்றன. ஆப்செட் மை மெல்லியது. கறுப்புத் தாளில் அதனால் இப்படி ஒளிர முடியாது. திரை அச்சின் மை தடிமனாகப் படியும். விரலால் தடவினால் கிளைகள் தட்டுப்படும்.

புத்தகக் கடைக்காரர் பார்வையில் கறுப்புத் தாள், கூடுதல் விலை, அதிகம் பேர் அறியாத ஓவியர்கள் ஆகிய மூன்றும் விற்பனைக்கு இடையூறுகள். ஆனால், அந்நூல் 2008ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனா சிறுவர் புத்தகச் சந்தையில் விருது பெற்றது. பதிப்புமேல் பதிப்பாக வெளிவந்தது. பிரெஞ்சு, ஜப்பானியம் முதலிய மொழிகளுக்கும் சென்றது. 2013ஆம் ஆண்டு அதே பொலோனா சந்தை, ஆசியாவின் சிறந்த சிறுவர் நூல் பதிப்பகமாகத் தாராவைத் தேர்ந்தெடுத்தது. 2017ஆம் ஆண்டு தோக்கியோவில் உள்ள இத்தாபாஷி கலைக்கூடம் தாராவின் நூல்களுக்கென்றே ஒரு கண்காட்சியை நடத்தியது.

ஜப்பானியப் பதிப்பும் சென்னையிலேயே அச்சாகிறது. மரங்களின் திரைகள் மாறுவதில்லை. எழுத்துக்குரிய திரையை மட்டும் மாற்றிக்கொள்கின்றனர். கறுப்புத் தகட்டை மாற்றி வேற்றுமொழி நூல் செய்த ஐரோப்பியப் பதிப்பாளர்களின் உத்திதான் இங்கே மரச்சட்டத்திற்கும் வலைத்துணிக்கும் இடம் மாறியிருக்கிறது. ஜப்பானிய எழுத்துகளைப் படிக்கத் தெரியாவிட்டாலும், அவற்றின் ஒரு கோடுகூட மை கசிந்து கலங்காமல் தமிழ்நாட்டுக் கைகள் அச்சிட்டு அனுப்புகின்றன.

புகழ் வந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. நூலைக் கேட்பவர்கள் பெருகினர், கைகள் பெருகவில்லை. புதிதாகச் சேர்பவர் ஒருவர் ரப்பர் கட்டையைச் சீராக இழுக்கவும், நிறத்தோடு நிறம் பொருத்தவும் பழக நாள் பிடிக்கும். இயந்திரத்திற்கு மாறிவிட்டால் வேண்டிய எண்ணிக்கையை அச்சிட்டுத் தள்ளலாம். ஆனால், அந்தக் கறுப்பு நூலை வாங்க வந்தவர் இயந்திரத்தில் அச்சான நூலைத் தேடி வரவில்லை. எனவே, நூலைக் கேட்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. பணம் கொடுத்தும் பொருளுக்குக் காத்திருக்கச் சொல்வது எந்த வணிகருக்கும் துணிச்சலான முடிவுதான். தாரா தன்னைச் சிறிய பதிப்பகமாகவே வைத்துக்கொண்டது.

சென்னை திருவான்மியூரில் தாராவுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. அங்கே புத்தகங்களைப் பார்க்கலாம், வாங்கலாம். ஒரே நூலின் இரு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், ஒன்றில் பச்சை சற்று அடர்ந்தும் மற்றொன்றில் சற்று வெளிறியும் இருப்பதைக் காணலாம். ஒரு பிரதியை இழுத்த கைக்கும் அடுத்த பிரதியை இழுத்த கைக்கும் உள்ள வேறுபாடு அது. கைந்நூலின் கடைசிப் பக்கத்தில் அது அந்தப் பதிப்பின் எத்தனையாவது பிரதி என்னும் எண் இருக்கும். அந்த எண்ணையும் ஒருவர் பேனாவால் ஒவ்வொரு பிரதியிலும் எழுதுகிறார்; எழுதிய மை காய்ந்த பிறகே நூலை மூடிப் பெட்டியில் அடுக்குகின்றனர்.